எங்கள் வீட்டு டி.வி.யும் ஏலத்துக்குப் போனவர்களும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டு டி.வி.யில் படம் நின்றது. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த கதாநாயகி பாதிக் கண்ணீரில் காணாமல் போனாள். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்து நின்றது. நான் வழக்கம்போலப் பின்னால் திரும்பி, “கொஞ்சம் பொறுங்க, இப்ப வந்துரும்” என்றேன். டி.வி. வைத்திருக்கிற வீட்டுக்காரிக்கு அது ஒரு கடமை. நிலையம் சென்னையில் இருந்தாலும் தெருக்காரர்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியவள் நான்தான்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன். பொறுக்கச் சொல்வதற்கு அங்கே ஆளே இல்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் சுளகில் ஏலக்காயைக் கொட்டிவைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் சற்று முன்புவரை என் எட்டு வயது மகள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் தலையிலிருந்து உதிர்ந்த கனகாம்பரம் கிடந்தது. அவளைக் காணோம்.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்தைப் பார்த்துவிட்டால் எழுந்துபோய், அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். ரொம்ப வருஷம் காத்திருந்து பிறந்தவள். அவள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் எல்லாம் என்னை ‘அக்கா’ என்பார்கள், சிலர் ‘பெரியம்மா’ என்றே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடிப்பார்கள். நான் மதுரையில் பி.ஏ. படித்தவள். படித்ததால் பயம் குறையவில்லை, பயப்படக் கூடுதலாக நாலு விஷயம் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். “எங்கிட்டச் சொல்லாம எங்கயும் போகக் கூடாது.” இதை நான் அவளிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவள் பொம்மைகளுக்கும் இதையேதான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

டி.வி. கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சொல்லாவிட்டால் அன்றைக்கு என் வீடு ஏன் காலியாக இருந்தது என்று புரியாது.

கொடைக்கானல் மலையில் கோபுரம் வந்து, போடியிலும் படம் தெரியும் என்று பேச்சு வந்ததும், எங்கள் தெருவில் முதலில் டி.வி. வாங்கியவர் என் வீட்டுக்காரர். அவருக்கு மலையில், போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. அந்த வருஷம் காய் நல்ல விலை போனது. மதுரையிலிருந்து வாடகைக் காரில், மடியில் வைத்தே கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளைதான். மரப்பெட்டிக்குள் இருக்கும், முன்னால் இழுத்து மூடும் கதவு உண்டு, பூட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கதவை அவர் இரண்டு கையாலும் விலக்குகிற விதத்தைப் பார்த்தால், உள்ளே சூடம் காட்டப் போகிறார் என்று தோன்றும்.

அந்த முதல் வருஷம் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டம் எவ்வளவு என்று நான் உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ள மாட்டேன், வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நல்ல படம் என்றால் செருப்பு படிதாண்டித் தெருவுக்குப் போகும். இந்தி நாடகத்துக்குக்கூட வாசல்படி நிறையும். யாருக்கும் ஒரு சொல் புரியாது, ஆனாலும் அழவேண்டிய இடத்தில் சரியாக அழுதார்கள். விவசாய நிகழ்ச்சிக்குத்தான் ரொம்பக் கலகலப்பு. டி.வி.யில் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு செடிக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று சொல்லுவார். பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிற சம்சாரிகள், “ஏப்பா, சட்டையில ஒரு பொட்டு மண்ணு இல்ல, இவன் சொல்றான் பாரு” என்று அவரிடமே சண்டைக்குப் போவார்கள். அவரும் எதிர்த்துப் பேசாமல் சிரித்துக்கொண்டே இருப்பார். என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் தன்னைப் பார்க்க வந்த கூட்டம் என்றே நினைப்பு.

பிறகு வீடியோ டெக் வந்தது. முதலில் கல்யாண வீட்டில், அப்புறம் திருவிழாவில். அதற்கப்புறம் கடைவீதிப் பக்கம் எங்கேயோ ஒரு பெரிய கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருத்தர் வீடியோவில் படம் போடுகிறார் என்று கேள்விப்பட்டோம். கலர் படம், அதுவும் புதுப்படம். நடுவில் செய்தி கிடையாது, இந்தி கிடையாது, தடங்கலுக்கு வருந்துகிறவர்களும் கிடையாது. எங்கள் வீட்டு வாசலில் செருப்பு குறைய ஆரம்பித்தது. முதலில் இளவட்டங்களின் செருப்பு போனது. பிறகு பெண்களுடையது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் எங்கள் வீட்டுச் செருப்பு மட்டுமே கிடக்கப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. அப்போது கடைகளில் மூன்று நிறத்தில் ஒரு கண்ணாடித்தாள் விற்றார்கள், டி.வி. முகத்தில் ஒட்டினால் கலர் டி.வி. ஆகிவிடும் என்று பெயர். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. அதை வாங்கி ஒட்டினார். அன்றிலிருந்து எங்கள் டி.வி.யில் வந்த அத்தனை பேருக்கும் நெற்றி நீலமாகவும் கால் பச்சையாகவும் இருந்தது. கிட்டத்தில் முகத்தைக் காட்டினால் தாடை பச்சையாகிவிடும். “அண்ணே, செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு மஞ்சக்காமாலையா?” என்று தெருவில் கேட்டார்கள். பிறகு சுண்டல் கொடுத்துப் பார்த்தோம். சுண்டல் இருக்கும்வரை இருந்தார்கள். ஏலக்காய் போட்ட டீ கொடுத்தோம். டீயைக் குடித்துவிட்டு, “வர்றேண்ணே, ஒரு சோலி இருக்கு” என்று டம்ளரைக் கீழே வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் சோலி இருந்தது.

கடைசிவரை விசுவாசமாக இருந்தவர் எதிர்வீட்டு அக்கா ஒருத்தர்தான். ஒருநாள் நெகிழ்ந்துபோய் அவரிடம் அதைச் சொன்னேன். அக்கா சுளகிலிருந்து தலையை எடுக்காமல், “படத்தை யாரு ஆத்தா பாத்தா? உங்க வீட்டு டியூப்லைட்டு நல்லா வெளிச்சமா இருக்கு. காய் நெறம் பாத்துப் பிரிக்கத் தோதா இருக்கு” என்றார். இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவே இல்லை.

இனி ஆறு பத்துக்கு வருகிறேன்.

படம் நின்றதும் என் வீட்டுக்காரர் மாடிக்கு ஓடினார். கோளாறு சென்னையில் என்றாலும் அவருக்கு ஆண்டெனாவைத் திருப்பியாக வேண்டும். மேலேயிருந்து, “இப்பத் தெரியுதா?” என்று குரல் வந்தது. நான், “இல்ல” என்றேன். எனக்குத் தெரியாமல் போனது வேறு. பின்கட்டைப் பார்த்தேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். “இப்பத் தெரியுதா?” “இல்லங்க!” தெருவுக்கு ஓடி வந்தேன். தெரு துடைத்துவிட்டதுபோல இருந்தது. திரும்ப உள்ளே வந்து அக்காவிடம், “அக்கா, பிள்ளை எங்க?” என்றேன்.

அக்கா ஒரு வெளிறிய காயைத் தனியாகப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: “ஏலத்துக்குப் போறேன், அம்மா கேட்டாச் சொல்லிருங்க பெரியம்மான்னுச்சு.”

எங்கள் வீட்டில் ஏலம் என்றால் மலை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடியற்காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “ஏலத்துக்குப் போறேன்” என்று என் வீட்டுக்காரர் புறப்படுவது மேலே தோட்டத்துக்குத்தான். போன வாரம்தான் மகளிடம், போடிமெட்டு டீக்கடையில் டி.வி. வந்திருக்கிறது, மலைமேல் ஆண்டெனாவைத் தொட வேண்டியதே இல்லை, படம் தண்ணீர் மாதிரித் தெரிகிறது என்று ஆற்றாமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அவள், “என்னயும் கூட்டிட்டுப் போங்கப்பா” என்று இரண்டு நாளாக அனத்திக்கொண்டிருந்தாள்.

“யார்கூடக்கா போனா?”

“கூட்டத்தோடதான். ஞாயித்துக்கிழமைல்ல, எல்லாருந்தான் போறாக.”

அதுவும் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க இறங்கிய தோட்டத்து ஆட்கள் சாயங்காலம் ஜீப்பில் கூட்டமாகத்தான் மலையேறுவார்கள். மலைப்பாதை, வளைவு, பின்னால் கதவில்லாத ஜீப், தேவாரம் ஊர்ப் பக்கம் இறங்கியதாகச் சொன்ன யானை, எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்ணுக்குள் வந்துவிட்டன. எங்கள் டி.வி.யில் ஒருநாளும் அவ்வளவு தெளிவாக எதுவும் தெரிந்ததில்லை.

“அக்கா, அவர் எறங்கி வந்தா நானும் ஏலத்துக்குப் போயிட்டேன்னு சொல்லிருங்க.”

“நீயுமா?” என்றார் அக்கா. அந்தக் குரலில் ஏதோ சிரிப்பு இருந்ததை நான் கவனிக்கவில்லை. மாடியிலிருந்து, “இப்பத் தெரியுதா?” என்று கேட்டது. பதில் சொல்லாமல் ஓடினேன்.

ஜீப்பு நிற்கும் இடத்தில் ஒரு டிரைவரிடம் மூச்சு வாங்கக் கேட்டேன். “பச்சப் பாவாடையா? ஆமாக்கா, ஒரு பாப்பா இப்பத்தான் முன்னாடி வண்டியில ஏறுச்சு. ஏறுங்க, வெரசாப் பிடிச்சிருவோம்” என்றார். என் மகள் அன்று பச்சைப் பாவாடைதான் கட்டியிருந்தாள். அரிசி மூட்டைக்கும் ஒரு கோழிக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது.

எதிரில் இருந்த தோட்டத்து அம்மாள் ஒருத்தர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “டி.வி. வீட்டம்மாவா?” என்றார். தலையாட்டினேன். “முன்ன நாங்களும் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கோம். அந்த நீல நெத்திக்கு முன்னாடி” என்றார். பிள்ளையைத் தேடிப் போகிறேன் என்று சொன்னதும் வண்டியே என் பக்கம் சாய்ந்துவிட்டது. “பயப்படாத ஆத்தா. மலையில பிள்ளைக தொலையாது, ஒரே ரோடுதான” என்று சமாதானம் சொன்னார். அடுத்த வளைவில் அவரே, “என்ன, பள்ளந்தான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றும் சொன்னார். பக்கத்தில் இருந்த அவர் புருஷன், “ஏய், நீ கோழியப் பிடி” என்று அதட்டினார்.

ஒவ்வொரு வளைவிலும் கீழே போடியின் விளக்குகள் ஒருமுறை தெரிந்து மறைந்தன. அந்தப் புள்ளிகளில் ஏதோ ஒன்றுக்கு மேலே நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் இன்னும் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதேன். எதிரில் இருந்த அம்மாள் முந்தானையால் என் தோளையும் சேர்த்துப் போர்த்திவிட்டார். மேலே ஏற ஏறக் குளிர் ஏறியது. என் மகள் ஸ்வெட்டர் இல்லாமல் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளத்தைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

போடிமெட்டில் கேரள எல்லைச் சோதனைச் சாவடி தாண்டி முன்னால் வந்த ஜீப்பு நின்றிருந்தது. இறங்கி ஓடினேன். டீக்கடை பெஞ்சில் பச்சைப் பாவாடை உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தது. தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு பிள்ளை. அது பயந்துபோய், எங்கே பிடுங்கிக்கொள்வேனோ என்று பன்னைப் பின்னால் மறைத்துக்கொண்டது. அதன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “யாரு இது?” என்றாள்.

டீக்கடைக்காரர் மலையாளம் கலந்து பேசுகிறவர். “சேச்சி இரிக்கு, ஒரு சாயா குடிக்கு” என்று பெஞ்சைத் துடைத்தார். “வேற கொச்சு ஒண்ணும் இங்க எறங்கலையே. ஞான் நாலு மணி முதல் இவிடெத்தான் நிக்கேன்” என்றார். கொச்சு என்றால் குழந்தை என்று எனக்குத் தெரியும். இங்கே இறங்கவில்லை என்றால் எங்கே இறங்கினாள்? இறங்கவே இல்லை என்றால்? கீழே போக வண்டி கேட்டேன். வந்த ரெண்டு ஜீப்பும் அதற்குள் மீதி ஆட்களோடு மேலே போய்விட்டிருந்தன. கீழிருந்து ஏதாவது ஜீப்பு வந்தால்தான் உண்டு என்றார்கள்.

கடைக்குள்ளே அந்த டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த கலர் டி.வி. என் வீட்டில் ஆறு பத்துக்குக் காணாமல் போன அதே கதாநாயகி சிவப்புச் சேலையில், நெற்றி நெற்றி நிறத்தில், துளி அசையாமல் பாடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாதிரிப் படம். பார்க்க ஆளில்லை. வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் குளிருக்குப் பயந்து தோட்டத்துக்கு நடந்துவிட்டார்கள். “சேச்சியாவது காணு” என்று கடைக்காரர் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அவர் குரலில் என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து, சண்டை முடிந்து, செய்தி வந்து, மறுபடி படம் வந்தது. கடைசியில் கீழ் வளைவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அடுத்த வளைவில் மறைந்தது. மறுபடி தெரிந்தது.

ஜீப்பிலிருந்து முதலில் குதித்தவர் என் வீட்டுக்காரர். கையில் இன்னும் ஆண்டெனா முறுக்கும் குறடு இருந்தது. “இங்கதான் இருக்கியா!” என்றார். அவருக்குப் பின்னால், எங்கள் வாசலில் செருப்பு விடுவதை நிறுத்திப் பல மாதமான தெருக்காரர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

“பிள்ளை எங்க?” என்று கத்தினேன்.

“வண்டிக்குள்ளதான் இருக்கா. வாந்தி எடுத்துட்டா, மூஞ்சி கழுவுறா. நீ எதுக்கு இங்க வந்தே? ஏலத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு?”

“இதான ஏலம்!”

“அது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியணும்ல!”

எதிர்வீட்டு அக்காவும் வந்திருந்தார். ஜீப்பிலிருந்து இறங்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் ஏலக்காய் ஏலம் விடுகிற கூடத்தில் காவல்காரர். அவர்கள் வீட்டில் ஏலத்துக்குப் போகிறது என்றால் அந்தக் கூடத்துக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏலம் கிடையாது. காலியாகக் கிடக்கிற அந்தக் கூடத்தில்தான் வீடியோ படம் போடுகிறார்கள். தெருப்பிள்ளைகள் வீடியோவுக்கே ஏலம் என்று பெயர் வைத்துவிட்டிருந்தன. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. டி.வி. வீட்டம்மாவிடம் போய் யார் சொல்லுவார்கள்?

மாடியிலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரரிடம் அக்கா சொன்னது: “ரெண்டு பேருமே ஏலத்துக்குப் படம் பாக்கப் போயிட்டாக தம்பி.” பெண்டாட்டியே எதிர்க்கடையில் சாமான் வாங்கியதுபோல அவருக்கு ஆகிவிட்டது. குறடோடு நேராகக் கூடத்துக்குப் போய், வீடியோவுக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்று, “என் பொண்டாட்டி எங்க?” என்று கேட்டிருக்கிறார். “உக்காருங்கண்ணே, மறைக்குது” என்று பின்னாலிருந்து குரல் வந்திருக்கிறது. முன்வரிசையிலிருந்து மகள் எழுந்து, “அம்மா வரலப்பா” என்றதும்தான் அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. வீடியோ நின்றது. ஜீப்பு ஸ்டாண்டில் கேட்டதும் நான் மலையேறியது தெரிந்துபோனது. தெருவே தேட வந்துவிட்டது.

“நீயும் போயிட்டேன்னதும் எனக்கு ஒரு நிமிசம் என்னமோ மாதிரி ஆயிருச்சு” என்றார் என் வீட்டுக்காரர், தணிந்த குரலில்.

அதற்குள் தெருக்காரர்கள் டீக்கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். “அட, கலர்ல தெரியுது!” “அண்ணே, நெத்தி நெத்தி மாதிரியே இருக்குண்ணே!” பெஞ்சு நிறைந்தது. இடமில்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் அது யார் கடை என்பதை மறந்து, “உக்காருங்க, உக்காருங்க, நெருக்கி உக்காருங்க” என்று இரண்டு கையையும் விரித்தார். கடைக்காரர் சந்தோஷத்தில் டீக்குப் பால் வைக்கப் போனார்.

எல்லாருக்கும் கடைசியாக என் மகள் ஜீப்பை விட்டு இறங்கி வந்தாள். பாவாடை நனைந்திருந்தது. அவள் அப்பாவின் துண்டை யாரோ அவள் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள். ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். அவள் உதறிக்கொண்டு இறங்கினாள். அழுதழுது வீங்கிய முகத்தை நிமிர்த்தி, ஒரு விரலை என் முகத்துக்கு நேராக நீட்டிச் சொன்னாள்:

“நான் பெரியம்மாட்டச் சொல்லிட்டுத்தான போனேன்? நீ ஏம்மா இம்புட்டுத் தூரம் வந்தே? இனிமே எங்கிட்டச் சொல்லாம எங்கயும் போகக் கூடாது, சரியா?”